பில் போடும் மேசைக்கு வீட்டு டி.வி. பொருந்துமா?

மளிகைக் கடைகளில் கம்ப்யூட்டரில் பில் போடும் வழக்கம் பரவிய பிறகு, வணிக நண்பர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்குப் புதிதாகப் பெரிய டி.வி. வந்துவிட்டது. பழைய 32 அங்குல டி.வி. நல்ல நிலையில் மூலையில் கிடக்கிறது. கடையிலோ மானிட்டர் பழுதாகி நிற்கிறது. சும்மா இருக்கும் டி.வி.யைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டால் மானிட்டர் செலவு மிச்சமாகுமே, மாட்டலாமா?

படம் தெரியுமா என்றால், தெரியும். இன்றைய டி.வி. எதிலும் கம்ப்யூட்டரை இணைக்க முடியும். ஆனால் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை அதைப் பார்த்தே பில் போட வேண்டும். ஒரு வரியில் எண் மாறினாலும் நட்டம் நமக்கு அல்லது வாடிக்கையாளருக்கு. ஆகவே எந்த டி.வி., எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

டி.வி.தான் முதல் மானிட்டர்

கம்ப்யூட்டருக்கு டி.வி.யை மாட்டுவது புதிய யோசனை அல்ல. 1977இல் வந்த ஆப்பிள் 2, 1982இல் வந்த கமோடோர் 64, அதே ஆண்டில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பெரும்பாலோர் வீட்டு டி.வி.யில் இணைத்தே பயன்படுத்தினர். ஆனால் அந்தத் திரையில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து கொள்ளும்? கமோடோரில் 40, ஸ்பெக்ட்ரத்தில் 32. விளையாட்டுக்கு அது போதும். பெயர், அளவு, விலை, தொகை என்று நான்கு கட்டம் போடும் கணக்கு வேலைக்குப் போதாது. 1981இல் அலுவலகத்துக்கென்று வந்த ஐ.பி.எம். பி.சி.யில் வரிக்கு 80 எழுத்து. அதற்குத் தனி மானிட்டர் தேவைப்பட்டது.

காரணம் எளியது. நம் நாட்டில் பின்பற்றப்பட்ட பால் முறை டி.வி.யில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். அதாவது வினாடிக்கு 15,625 கோடுகள். 1987இல் வந்த வி.ஜி.ஏ. கம்ப்யூட்டர் படமோ வினாடிக்கு ஏறக்குறைய 31,500 கோடுகளை அனுப்பியது. டி.வி.யால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. எனவே பழைய குழாய் டி.வி.யும் கம்ப்யூட்டர் மானிட்டரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வெவ்வேறு சாதனங்களாகவே இருந்தன.

குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பிறகு இந்த வேறுபாடு குறைந்தது. 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பு முறை வெளியானது. படமும் ஒலியும் எண் வடிவில் ஒரே ஒயரில் செல்லும். இன்று டி.வி., மானிட்டர் இரண்டுக்குமே இந்த ஒயர்தான். அதனால்தான் டி.வி.யையே மானிட்டராக வைத்துக்கொள்ளும் யோசனை மறுபடியும் வந்திருக்கிறது.

அங்குலத்தைப் பார்க்காதீர்கள், புள்ளியைப் பாருங்கள்

திரை என்பது சிறு சிறு ஒளிப் புள்ளிகளின் வரிசை. எழுத்து தெளிவாக இருப்பதும் இல்லாததும் அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. 'எச்.டி. ரெடி' என்று விற்ற 32 அங்குல டி.வி.க்களில் பெரும்பாலானவற்றில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். அதே 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட 18.5 அங்குல மானிட்டர்களும் உண்டு. டி.வி. பெரியது என்பதால் அதில் கூடுதல் விவரம் தெரியும் என்று நினைக்கக் கூடாது. இரண்டிலும் அதே அளவு விவரம்தான். ஒரு கிலோ சர்க்கரையைப் பெரிய பையில் போட்டாலும் எடை ஒரு கிலோதானே!

மானிட்டரில் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய 0.30 மில்லிமீட்டர். 32 அங்குல டி.வி.யில் 0.52 மில்லிமீட்டர். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். எழுத்தின் ஓரம் படிக்கட்டு போல் இருக்கும். நான்கடிக்கு அப்பால் போனால் அதே எழுத்து ஒழுங்காகத் தெரியும். ஆக, எச்.டி. ரெடி டி.வி. என்பது தள்ளி நின்று பார்க்க வேண்டிய சாதனம். கல்லாவை ஒட்டிய குறுகிய மேசையில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது?

ஒப்பிட்டுப் பார்க்க மேலும் இரண்டு கணக்கு. 21.5 அங்குல முழு எச்.டி. மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகள். புள்ளியின் அகலம் 0.25 மில்லிமீட்டர். 43 அங்குல 4கே டி.வி.யில் குறுக்கே 3840 புள்ளிகள்; அதிலும் அதே 0.25 மில்லிமீட்டர். எழுத்துத் தெளிவில் இந்த டி.வி. மானிட்டருக்குச் சமம். ஆனால் அதன் அகலம் மூன்றடிக்கு மேல். அருகில் உட்கார்ந்தால் பில்லின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தவிர, பழைய கம்ப்யூட்டர்கள் பல 4கே படத்தை அனுப்ப முடியாதவை. சில அனுப்பினாலும் வினாடிக்கு 30 முறைதான் அனுப்பும். மௌசை நகர்த்தினால் அம்புக்குறி தயங்கித் தயங்கி வரும்.

தமிழில் பில் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் சுழியும் கொம்பும் மிகுதி. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்குத் திரையில் ஒன்றிரண்டு ஒளிப் புள்ளிகள்தான் கிடைக்கும். படம் சற்றே மங்கினாலும் அது காணாமல் போகும். து.பருப்பு, உ.பருப்பு, க.பருப்பு என்று சுருக்கி வைத்திருக்கும் பெயர்களில் வித்தியாசம் ஒரே எழுத்தில் இருக்கிறது. எண்களில் 3, 6, 8 ஆகியவை மங்கலில் ஒன்றுபோல் தோன்றும். கூட்ட நேரத்தில் 36 ரூபாயை 86 என்று வாசித்தால் வாடிக்கையாளர் நம்மை என்ன நினைப்பார்?

எந்த ஒயர், எந்த இணைப்பு?

கம்ப்யூட்டரின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் வேலை சுலபம். ஒரு ஒயர் போதும். ஐந்து மீட்டருக்கு உட்பட்ட சாதாரண ஒயரில் சிக்கல் வருவது அரிது. அதைவிட நீளம் போனால் தரமான ஒயர் வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரில் 15 ஊசி கொண்ட நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருக்கலாம். பழைய எல்.சி.டி. டி.வி. சிலவற்றில் 'பி.சி.' என்று எழுதிய அதே நீல இணைப்பு இருக்கும், நேராக மாட்டலாம். ஒலிக்கு மட்டும் தனி ஒயர் வேண்டும். டி.வி.யில் அது இல்லையென்றால் வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சிறு கருவி தேவை. இதற்கு மின்சாரம் வேண்டும் என்பதால் யு.எஸ்.பி. வால் ஒன்று சேர்ந்து வரும். இருபுறமும் முனை மட்டும் வைத்து, நடுவில் கருவி ஏதும் இல்லாத மலிவு ஒயரை வாங்கினால் படம் வராது. ஒன்று அலைவடிவச் செய்தி, மற்றது எண்வடிவச் செய்தி; வெறும் கம்பி மொழிபெயர்ப்பு செய்யாது.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளை மட்டும் உள்ள பழைய குழாய் டி.வி.க்கும் மாற்றுக் கருவி கிடைக்கிறது. வாங்க வேண்டாம். சினிமா பார்க்கலாம், பில் வரிகளை வாசிக்க முடியாது, படமும் நடுங்கும்.

மாட்டியதும் செய்ய வேண்டியவை

டி.வி.யைக் கம்ப்யூட்டரில் மாட்டியவுடன் "எழுத்து சரியில்லை" என்று கழற்றிவிடுகிறவர்கள் பலர். குறை பெரும்பாலும் டி.வி.யில் இல்லை, அதன் அமைப்புகளில் இருக்கிறது. கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். குழாய் டி.வி. காலத்தில் ஓரத்துக் கோணல் தெரியாமலிருக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டினார்கள். அந்தப் பழக்கம் தட்டைத் திரையிலும் தொடர்கிறது. பில்லின் கடைசி வரியும் மொத்தத் தொகையும் மறைவது இதனால்தான். படஅளவுப் பட்டியலில் 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்', '1:1' என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப்படமும் வரும்.

2. எச்.டி.எம்.ஐ. இணைப்பின் பெயரை 'பி.சி.' என்று மாற்றுங்கள், அல்லது பி.சி. முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சினிமாப் படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நிறத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்று வந்தால் மட்டும் ஓரம் கசியும். பி.சி. முறையில் பல டி.வி.க்கள் இந்தப் பங்கீட்டை நிறுத்திவிடும்.

3. 'ஷார்ப்னஸ்' என்ற அமைப்பைக் குறையுங்கள். பெயரைப் பார்த்துக் கூட்டுகிறவர்கள் உண்டு. அது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுமே தவிரத் தெளிவைத் தராது.

4. கம்ப்யூட்டரின் திரை அமைப்பில் டி.வி.யின் உண்மையான புள்ளி எண்ணிக்கையைக் கொடுங்கள். 1366க்கு 768 உள்ள திரைக்கு 1920க்கு 1080 கொடுத்தால், டி.வி. அதைச் சுருக்கிப் பிழிந்து காட்டும்; மங்கல் அதிலேதான் பிறக்கிறது. எழுத்துச் சிறிதாக இருந்தால் புள்ளி எண்ணிக்கையைக் குறைக்காமல், விண்டோஸில் எழுத்தின் அளவை 125 அல்லது 150 விழுக்காடாகக் கூட்டுங்கள்.

5. ரிமோட்டைத் தொடாமல் சில மணி நேரம் போனால் டி.வி. தானே அணைந்துவிடும் ஏற்பாடு பல டி.வி.க்களில் இருக்கிறது. வீட்டுக்கு அது நல்லது. கடையில் மாலை ஏழு மணிக் கூட்டத்தில் திரை இருண்டால் தொல்லை. அமைப்புப் பட்டியலில் அதை நிறுத்தி வையுங்கள்.

எர்த் இல்லாத கடையில் மாட்டாதீர்கள்

இது எல்லாவற்றிலும் முக்கியமானது. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் மின்பெட்டி, எர்த் இணைப்பு உண்டு என்று நம்பிச் செய்யப்பட்டது. எர்த் இல்லாத பிளக்கில் செருகினால், பெட்டியின் இரும்பு உடலில் சிறிதளவு மின்சாரம் கசிந்து நிற்கும். தொட்டால் 'சுருக்'கென்று இருப்பது அதுதான். டி.வி.க்குப் பெரும்பாலும் இரண்டு ஊசி பிளக். அதற்கு எர்த் கிடையாது. ஆனால் கேபிள் ஒயரோ டிஷ் ஒயரோ அதில் மாட்டியிருந்தால், மாடியிலோ தெருவிலோ எங்கோ ஓர் இடத்தில் அது பூமியைத் தொட்டிருக்கும். இந்த நிலையில் இரண்டையும் எச்.டி.எம்.ஐ. ஒயரால் இணைத்தால், கசிந்து நிற்கும் மின்சாரத்துக்கு வழி கிடைக்கிறது. அது போகும் பாதை மெல்லிய எச்.டி.எம்.ஐ. சில்லு. டி.வி.யும் போகலாம், கம்ப்யூட்டரும் போகலாம். மானிட்டர் செலவை மிச்சம் பிடிக்கப் போய் முதலுக்கே மோசம்.

ஆகவே முதலில் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்துக் கடையின் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரும் டி.வி.யும் ஒரே மூன்று ஊசிப் பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகும்போதும் கழற்றும்போதும் இரண்டின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். கடை டி.வி.யிலிருந்து கேபிள் ஒயரை அடியோடு எடுத்துவிடுவது நல்லது. இடி மின்னல் பயமும் குறையும். கிரிக்கெட் நாளில் கடைப் பையன்கள் கவனமும் சரக்கின் மேல் இருக்கும்.

யு.பி.எஸ். விஷயத்தையும் மறக்கக் கூடாது. கம்ப்யூட்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் மாட்டி டி.வி.யைச் சுவர் பிளக்கில் மாட்டினால், மின்வெட்டில் கம்ப்யூட்டர் ஓடும், திரை இருண்டுவிடும். பாதி போட்ட பில்லைச் சேமிக்கவும் வழியில்லை. டி.வி.யையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டினால் அது தாங்கும் நேரம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மின்சாரக் கணக்கு

சிறிய எல்.இ.டி. மானிட்டர் ஏறக்குறைய 20 வாட்ஸ் எடுக்கும். 32 அங்குல எல்.இ.டி. டி.வி. 50 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் பின்புற முத்திரையில் இருக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மானிட்டருக்கு 0.24 யூனிட், டி.வி.க்கு 0.60 யூனிட். வித்தியாசம் 0.36 யூனிட். முப்பது நாளுக்கு 10.8 யூனிட்; ஆண்டுக்கு ஏறக்குறைய 130 யூனிட். உங்கள் கடை இணைப்பின் யூனிட் விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். சும்மா கிடந்த டி.வி. சும்மா ஓடுவதில்லை என்பது புரியும்.

வரி விஷயம் ஒன்று. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி., மானிட்டர்களுக்கு இருந்த 28 விழுக்காடு ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புதிதாக வாங்குவதானால் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துக் கடை பெயரில் பில் வாங்குங்கள். சாதாரண முறையில் பதிவு செய்த வணிகர், கடை உபயோகத்துக்கு வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். ஆனால் அந்த வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் எழுதினால் வரவு கிடையாது. தொகுப்பு முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு இந்த வரவு இல்லை. வீட்டுக்கென்று வாங்கிய டி.வி.யைக் கடைக்குக் கொண்டுவந்து வரவு எழுதுவது முறையல்ல. உத்தரவாத அட்டையையும் ஒருமுறை வாசியுங்கள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தால், கடையில் பழுதானால் இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காமல் போகலாம்.

டி.வி.க்கு ஏற்ற வேலை

இவ்வளவும் படித்துவிட்டு டி.வி. கடைக்கே உதவாது என்று எண்ண வேண்டாம். அதற்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. தள்ளி நின்று பார்க்க வேண்டிய சாதனம் என்று சொன்னோம் அல்லவா? கல்லாவுக்கு எதிரே தள்ளி நிற்பவர் வாடிக்கையாளர். சுவரில் டி.வி.யை மாட்டிப் பில் வரிகள் அவர் கண்ணுக்குத் தெரியும்படி செய்தால், எடையும் விலையும் ஏறும்போதே அவர் பார்த்துக்கொள்வார். "இது நான் கேட்கவில்லையே" என்பதைப் பில் அச்சாகும் முன்னரே சொல்லிவிடுவார். தகராறு குறையும், நம்பிக்கை வளரும். அன்றைய எண்ணெய் விலை, அரிசி விலையைப் பெரிய எழுத்தில் காட்டவும் ஏற்றது.

இதிலும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் சாவியுடன் 'பி' எழுத்தை அழுத்தினால் இரண்டாவது திரைக்கான பட்டியல் வரும். அதில் 'டூப்ளிகேட்' என்பது உங்கள் திரையை அப்படியே சுவரில் காட்டும். அடக்க விலை, கொள்முதல் விவரம், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பற்றுவரவு, எல்லாமே! எதிர்வீட்டுக்காரர் வைத்திருக்கும் பாக்கியைத் தெருவே வாசித்தால், அவர் நம் கடைப்படி மறுபடி ஏறுவாரா? கடன் சிட்டையை மூடி வைத்துப் பழகியவர்கள் நாம். எனவே 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது டி.வி. தனித் திரையாகும். வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டியதை மட்டும் அங்கே அனுப்பலாம். உங்கள் பில் மென்பொருளில் வாடிக்கையாளர் திரை வசதி உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

ஸ்மார்ட் டி.வி.யானால் அதற்குக் கடை வைஃபை கொடுக்காதீர்கள். திரையில் ஓடுவது என்ன என்று கவனித்துத் தகவல் அனுப்பும் ஏற்பாடு சில டி.வி.க்களில் உண்டு. பார்ப்பவர் சம்மதமின்றி இப்படித் தகவல் திரட்டிய புகாரைத் தீர்க்க, அமெரிக்காவில் விசியோ என்ற டி.வி. நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் செலுத்தியது. வெறும் திரையாக வேலை செய்ய டி.வி.க்கு இன்டர்நெட் தேவையே இல்லை.

முடிவாக

நாள் முழுவதும் அருகில் உட்கார்ந்து பில் போடும் மேசைக்கு 20 முதல் 24 அங்குல மானிட்டரே ஏற்றது. மானிட்டர் பழுதான நாளில் வியாபாரம் நிற்காமல் ஓட்ட டி.வி. கைகொடுக்கும். மண்டிகளிலும் மொத்தக் கடைகளிலும் மேசை அகலமாக இருந்து, திரையை நான்கடி தள்ளி வைக்க இடமிருந்தால் டி.வி.யையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பார்க்கும் சுவருக்கு அது மிகவும் பொருத்தம்.

எது என்று தீர்மானிக்க முடியவில்லையா? ஒரு வழி இருக்கிறது. கடை மூடிய பிறகு டி.வி.யை மாட்டுங்கள். நேற்றைய பில்களில் 25, 30 உருப்படி கொண்ட ஒன்றை எடுத்து, வழக்கமாகப் பில் போடுகிறவரையே வழக்கமான நாற்காலியில் உட்கார்த்தி, அதை மறுபடியும் ஒத்திகையாகப் போடச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்ட நேரத்தையும் வந்த தொகையையும் பழைய பில்லோடு ஒப்பிடுங்கள். தொகை ஒத்துவந்து, கண்ணும் கழுத்தும் வலிக்கவில்லை என்று அவர் சொன்னால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி பிசகினாலும் மறுநாளே மானிட்டர் வாங்கிவிடுங்கள். ஒத்திகைப் பில்லை அழிக்கவும் மறக்காதீர்கள், இருப்புக் கணக்கில் அந்தச் சரக்கு குறைந்துவிடும்.